கடற்பக்க யன்னலில் துடித்த திரை

இன்று காலை புதுக்கடையிலுள்ள என் அலுவலகத்துக்குப் புதிய கணினித் திரை ஒன்று வந்தது. பொருத்த வந்தவர், படம் விநாடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படவேண்டும் என்ற அமைப்பைத் திறந்து, "சேர், இது நூற்றிநாப்பத்திநாலு மட்டுக்கும் போகும். எத்தினையில வைக்கட்டும்?" என்று கேட்டார். அறுபது போதும் என்றேன். "கேம் ஒண்டும் அடிக்கிறேல்லையோ?" என்று சிரித்தார். இல்லை என்று சொல்லி, பற்றுச்சீட்டில் கையெழுத்திட்டு அனுப்பினேன். அவர் போன பின்பும் அந்த எண்ணைப் பார்த்தபடியே இருந்தேன். இதைப் பற்றி என்னோடு மணிக்கணக்காக வாதாடக்கூடியவன் நீ ஒருவன்தான். இந்த மடல் உன்னை வந்து சேராது என்பதை நன்கறிந்தே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், நாம் இருந்த லொட்ஜின் மூன்றாம் மாடி அறை. நான் சட்டப் பரீட்சைகளை முடித்து, சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்வதற்குக் காத்திருந்தேன். நீ மன்னாரிலிருந்து வந்து மருதானையில் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞனாக இருந்தாய். யன்னலோரக் கட்டில் உன்னுடையது; யன்னலுக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கும் அப்பால் கடல். வேலையால் வந்து முகம் கழுவி, ஒரு பிளேன்டீ குடித்ததும், யன்னலைப் பார்த்தபடி வைத்திருந்த கணினியின் முன் அமர்ந்துவிடுவாய். எந்நாளும் கார்ப் பந்தயம்தான். சண்டைக்காலம், பொழுதுபட்டு வெளியில் இறங்கினால் ஒவ்வொரு சந்தியிலும் அடையாள அட்டையை நீட்டவேண்டும். "இந்த ரோட்டில மட்டும்தான் மச்சான் செக்பொயின்ற் இல்லை" என்று திரையைக் காட்டிச் சொல்வாய்.

அந்தத் திரை கண்ணாடிக் குழாய் வைத்த பழையது; எத்தனை பேரிடம் கைமாறி வந்ததோ தெரியாது. விநாடிக்கு அறுபது தடவைதான் அது தன்னைத் திரும்ப வரைந்தது. நேரே பார்த்தால் தெரியாது. கடைக்கண்ணால் பார்த்தால் நடுங்கும். தலையிடி என்று சித்தாலேப தைலம் பூசிக்கொண்டு விளையாடினாய். எண்ணைக் கூட்டினால் நடுக்கம் போய்விடும் என்று வேலைத்தலத்தில் யாரோ சொன்னார்கள். அது உண்மைதான், ஆனால் ஓர் எல்லை வரைக்கும். திரை தாங்காத எண்களை மறைத்து வைக்கும் தெரிவு ஒன்று அமைப்புகளில் உண்டு. நீ அதை எடுத்துவிட்டு, நேரே நூற்றுக்குப் போனாய். அதன் பின் விளையாட்டுத் தொடங்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம், திரை இருளும், சில விநாடிகளில் வெளிச்சம் வரும், மறுபடியும் 'டக்'. ஐந்தாறு நாட்கள் அப்படியே ஓட்டினாய். இருளும்போது வளைவைக் கணக்குப் பண்ணி ஓட்டுவதாகப் பெருமை வேறு.

நான் ஒரு கொப்பியை எடுத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும், மாற்றியதைக் குறிக்கவேண்டும் என்பது என் நிபந்தனை. நீயோ ஒரே மூச்சில் மூன்றை மாற்றிவிட்டு, எதனால் சரிவந்தது என்று தெரியாமல் தலையைச் சொறிகிறவன்.

"எடேய், கொம்பியூட்டருக்கும் சத்தியக்கடதாசி முடிக்கப்போறியோ?"

"வயரைக் கழற்றிப் பூட்டினது முதலாவது. பலனில்லை. எழுதியாச்சு."

"எழுது, எழுது. சாட்சிக்கு ஆரைக் கூப்பிடப்போறாய், எலியையோ?"

இரண்டாவதாக, திரைக்குப் பக்கத்திலிருந்த மின்விசிறியைத் தள்ளி வைத்தோம். ஓரங்களில் இருந்த அலைவு நின்றது; இருளுதல் நிற்கவில்லை. மூன்றாவதாக எண்ணை ஒவ்வொரு படியாக இறக்கினோம். எண்பத்தைந்தில் இருள்வது குறைந்தது. எழுபத்தைந்தில், படத்தின் அளவையும் ஒரு படி குறைத்தபோது, முற்றாக நின்றது, நடுக்கமும் இல்லை. அது ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். நீ முழுப் பந்தயத்தையும் ஓடி முடித்து, இரண்டு கைகளையும் உயர்த்தினாய். அவ்வளவு மகிழ்ச்சியாக உன்னை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

ஞாயிறு காலை பொலிஸார் வந்தார்கள். நீ கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் பூசைக்குப் புறப்பட்டு, சேட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாய். கடற்பக்கமாக உள்ள மூன்றாம் மாடி யன்னலொன்றில் பல நாட்களாக வெளிச்சம் விட்டுவிட்டு எரிகிறது, கடலுக்குச் சைகை காட்டுகிறார்கள் என்று முறைப்பாடு. லொட்ஜின் பொலிஸ் பதிவில் உன் பெயருக்கு நேரே மன்னார் என்று இருந்தது. அந்தப் படிவத்தை அழகான கையெழுத்தில் நிரப்பியவன் நானே. பொலிஸ் சாஜன் ஒரு கையை உன் தோளில் வைத்து, மறுகையில் பேனாவோடு என்னைப் பார்த்து, "மேயா ஒயாகே யாளுவெக்த?" என்று கேட்டார். இவர் உன்னுடைய சிநேகிதனா என்ற கேள்வி. ஒரு சொல்லில் முடிந்திருக்கும். என் சத்தியப்பிரமாணத்துக்குப் பொலிஸாரின் நன்னடத்தைச் சான்றிதழ் தேவைப்பட்டது. அது என் மனதில் ஓடி முடிய ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. ஒரே லொட்ஜில் இருக்கிறவர் என்று சிங்களத்தில் பதில் சொன்னேன். அது பொய்யல்ல என்பதைச் சொல்லும்போதே எனக்கு நானே உறுதிப்படுத்திக்கொண்டேன். உனக்குச் சிங்களம் அதிகம் வராது. ஆனால் 'யாளு' என்ற சொல்லைத் தெரியாதவர் கொழும்பில் எவரும் இல்லை. நீ என்னைப் பார்க்காமல் கடைசிப் பொத்தானைப் போட்டாய்.

பிற்பகல் கொப்பியோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் தமிழ் கதைத்தார். "அவர் சொல்றார், திரையில பிழை, நேற்றுத்தான் சிநேகிதன் திருத்தினதாம். நீங்க சாஜனுக்குச் சொல்லியிருக்கிறீங்க, சும்மா ஒரே லொட்ஜ் என்று. இதில எது உண்மை?"

இரண்டு கூற்றுகளுக்கும் இடையிலுள்ள முரண்பாட்டை வைத்து ஒருவரின் நம்பகத்தன்மையை உடைப்பது எப்படி என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். அன்று உடைந்துகொண்டிருந்தது உன்னுடைய நம்பகத்தன்மை. முரண்பாட்டை உண்டாக்கியவன் நான்.

"இரண்டும் உண்மை" என்றேன். அப்போதும் நேரே ஓம் என்று சொல்லவில்லை.

மறுநாள் பின்னேரம் உன்னை ஜீப்பில் அறைக்குக் கொண்டுவந்தார்கள். சேட்டு அதே சேட்டு. விளையாடிக் காட்டச் சொன்னார்கள். பத்து நிமிடம் ஓடினாய். திரை ஒருதரம்கூட இருளவில்லை. எங்கள் வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. "நல்லாத்தானே இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர். நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

நான் கொப்பியைத் திறந்து, எழுதியிருந்ததைக் கடைசி வரியிலிருந்து மேலே ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றையும் பழையபடி ஆக்கினேன். படத்தின் அளவு. எண்பத்தைந்து. நூறு. மின்விசிறி. "இனி ஓட்டு" என்றேன். 'டக்' என்றது, இருண்டது. வெளிச்சம் வரத் தாமதமானது. வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் கை உன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். வந்தது. மறுபடியும் 'டக்'. இன்ஸ்பெக்டர் கீழே இறங்கி, ரயில் பாதையோரம் நின்று, வானம் மங்கும் வரை எங்கள் யன்னலைப் பார்த்தார். மேலே வந்து, "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். செவ்வாய் காலை உன்னை விட்டார்கள். இரண்டு இரவுகள். ஞாயிறு காலையில் நான் ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவை எத்தனையாக இருந்திருக்கும் என்று நான் கணித்துப் பார்த்ததுண்டு. உறுதியாக எதுவும் கூறமுடியாது. அப்படிக் கூறமுடியாமல் இருப்பதுதான் என் தண்டனை.

வாசலில் வைத்து, "வழக்கு வெண்டிட்டாய் மச்சான்" என்றாய். சிரித்தாய்தான். என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக் கேட்க நான் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்த இரண்டு கிழமைக்குள் கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாய். திரையை விட்டுப்போனாய், நான் அதை ஒருபோதும் போடவில்லை. பின்னர் நீ வெளிநாடு போனதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். எனக்குச் சான்றிதழ் கிடைத்தது, எந்தக் குறிப்பும் இல்லாமல்.

சென்ற மாதம் பத்திரிகையில் உன் மரண அறிவித்தலைப் பார்த்தேன். கீழே இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். உன் மனைவி எடுத்தார்.

"நீங்கள் அவருக்கு ஆர்?"

"சிநேகிதன்" என்றேன்.

என் பெயரைக் கேட்டார், சொன்னேன். "அப்பிடி ஒரு பேர் அவர் சொன்னதா ஞாபகம் இல்லையே அண்ணா. குறை நினையாதேங்கோ. எடுத்துக் கதைச்சதே பெரிய காரியம்."

நான் மேற்கொண்டு எதையும் நிரூபிக்க முயலவில்லை. சிநேகிதன் என்ற அந்தச் சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு சாஜன் பேனாவோடு நின்ற காலையில் அது என் வாயிலேயே நின்றுவிட்டது. இப்போது அது என்னிடமே இருக்கிறது, ஒப்புக்கொள்ள எதிர்த்தரப்பில் எவருமின்றி.