குளத்துக்குக் காவல்

இன்று காலை என் மகளின் பள்ளிப் படிவத்தைத் திறந்ததும் உன் பெயர் வந்து நின்றது. அவசரத்துக்குக் குழந்தையை யார் அழைத்துப் போகலாம் என்ற கேள்விக்கு நேராக நீ, நீ மட்டும்தான். நீ போய் இரண்டு வருடமாகிறது. பள்ளி திறக்கும் ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் ‘மாற்றம் இல்லை’ என்று தட்டிவிட்டு நகர்ந்திருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். இங்கே திரும்பி வர விசா ஸ்டாம்பிங்குக்காக ஊருக்குப் போன என் வீட்டுக்காரர் சென்னையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். சின்ன ஆபரேஷன்தான் என்கிறார்கள். ஆனாலும் எனக்கு மயக்கம் தெளியாமலே போனால், பள்ளி வாசலில் நிற்கும் ஏழு வயதுக்காரியை யார் கூட்டிப்போவார்கள்? பயமாக இருக்கிறதடி.

ஃப்ரீமான்ட்டிலிருந்து ஆபீசுக்கு ஒரே காரில் போவோமே, ஃப்ரீவேயில் ட்ராஃபிக் நகராத காலைகளில் நீ உன் கல்வெட்டுகளை ஆரம்பித்துவிடுவாய். வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். பேச்செல்லாம் கடல் கடந்து போன தமிழ் வணிகர்கள். தாய்லாந்தில் கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டிய குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகர் கூட்டத்தின் காவலில் விட்டதாகச் சொல்கிறது என்றாய்.

“குளத்துக்கு எதுக்குடி வாட்ச்மேன்?” என்றேன்.

“கிண்டல் பண்ணாத. ஒருத்தர்கிட்ட விட்டா அவர் கப்பல் ஏறிடுவாரு, இல்ல செத்துடுவாரு. கூட்டத்துகிட்ட விட்டா யாராவது ஒருத்தர் இருப்பாங்கல்ல?”

அன்று சிரித்தேன். நான் ஒருத்தியிடம்தான் விட்டேன். நீ செத்துப்போனாய்.

யாரிடமும் உதவி கேட்கத் தெரியாதவள் நான், உனக்குத் தெரியும். இன்று நாலு பேருக்கு ஃபோன் பண்ணினேன். எதிர்வீட்டு ஆன்ட்டியும் தமிழ்ப் பள்ளியில் பழகிய இரண்டு அம்மாக்களும் யோசிக்கவே இல்லை. நாலாவது உன் கணவர். துக்கம் விசாரித்ததோடு நான் அந்தப் பக்கமே போகாதவள். படிவத்தில் இன்னும் உன் பெயர்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

“அவ ஃபோனை இன்னும் கட் பண்ணல. ஸ்கூல்லேர்ந்து எப்ப வந்திருந்தாலும் எடுத்திருப்பேன். என் பேரப் போட்டு அவ நம்பரையே விட்டுடுங்க,” என்றார்.

படிவத்தில் நாலே கட்டங்கள். மூன்றை நிரப்பிவிட்டு உன் கட்டத்துக்கு வந்தேன். மகள் எட்டிப் பார்த்து, “வை ஆர் யூ டிலீட்டிங் ஆன்ட்டி?” என்றாள்.

பயம் இன்னும் போகவில்லை. உன் பெயரை அழித்துவிட்டேன். எண் அதேதான்.