பதினேழாம் நம்பர்

3 ஜூலை 1916, திங்கள்

இன்று முதல் நானும் யுத்தத்தில் இருக்கிறேன். அதாவது, பீரங்கிக்கு மாடு வாங்கும் ஆபீசில் குமாஸ்தா. மைசூரை விட்டு நகராமலே சண்டை போட இதைவிட வசதியான இடம் கிடைக்காது. பெரிய பீரங்கி ஒன்றை இழுக்க எட்டு ஜோடி மாடு, ஜோடிக்கு ஒரு மாடோட்டி. கடல் தாண்டிச் சண்டை நடக்கும் பாஸ்ரா மணலில் சக்கரம் புதைந்தால் இன்னும் நாலு ஜோடி. சுடுவதற்கு வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள்.

5 ஜூலை

கேப்டன் துரை மாட்டுக்குப் பல் பார்க்கிறார், நெஞ்சு அளக்கிறார். மாடோட்டி வந்தால் ஒரே கேள்வி — இரண்டு கையும் இருக்கிறதா? பதிவேடும் அப்படியே. மாட்டுக்கு நம்பர், பெயர், நிறம், வயது, உயரம். ஓட்டிக்கு: "ஆள் 1".

ஹெட் குமாஸ்தா கணபதிராமனிடம் கேட்டேன். "மாடு சர்க்கார் சொத்து ஓய்! மனுஷன் அப்படியா?" என்றார்.

7 ஜூலை, வெள்ளி

ஹனூர்க் கருப்புசாமி ஒரு ஜோடி கொண்டுவந்தான். சோதனைக்கு வைத்திருக்கும் சின்னப் பீரங்கியில் பூட்டினார்கள். துரை "வாக் மார்ச்!" என்று கத்தினார். வலத்து மாடு கருப்பன் நின்ற இடத்தில் சாணி போட்டது. கருப்புசாமி நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தான், பீரங்கி நகர்ந்தது. மாட்டை விற்க மட்டுமே வந்தவன், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்: "வேற கையில தண்ணி கூடக் குடிக்க மாட்டானுங்க."

"அப்படியானால் நீயும் வா" என்று உத்தரவாயிற்று.

அவன் மனைவி சாமியாத்தாள் என் மேஜைக்கு வந்தாள். "ஏனுங்க, மாட்டு பேர எழுதறீங்க, அவரு பேரயும் எழுதுங்க."

அதற்கு இடமில்லை. மாட்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் நுழைத்தேன்: 17 — கருப்பன், கருப்புசாமி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

20 ஜூலை

ரயில் ஏற்றியாயிற்று, பதிவேட்டின் நகலோடு. மாடுகளுக்கு வைக்கோல் விரித்த பெட்டி. ஓட்டிகளுக்கு மாட்டின் காலடி.

சாமியாத்தாள் ஊர் திரும்பவில்லை. லாயத்தில் சாணி அள்ளும் வேலையில் சேர்ந்துவிட்டாள். சேதி முதலில் இங்கேதான் வருமாம். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து கேட்கிறாள்.

2 நவம்பர்

தந்தி. "17 இறப்பு. பதிவிலிருந்து நீக்கவும்."

எது? மாடா, அவனா? அடப் பாவி, ஒரே வரியில் ரெண்டு பேரையும் எழுதித் தொலைச்சிருக்கேனே!

கணபதிராமன் வெற்றிலையை மென்றபடி தீர்ப்புச் சொன்னார். "மாடுதான் ஓய். மாடோட்டி செத்தா எவன் தந்தி அடிப்பான்?"

அவர் சொன்னது சரிதான். வெட்கக்கேடு — எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

3 நவம்பர், வெள்ளி

சாமியாத்தாள் வந்தாள். "கருப்பன் போயிட்டான்" என்றேன். அவள் முகம் செத்துவிட்டது. "மாடு! மாடு!" என்று கத்தினேன். ஒரே வரியில் இரண்டு பெயர் எழுதியதையும், அதில் செத்தது மாடுதான் என்பதையும் சொன்னேன். தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"கன்னுக்குட்டியில இருந்து வளத்தாருங்க, தாங்க மாட்டாரு." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு இருக்காருங்கல்ல. அது போதுமுங்க." மாதேஸ்வரன் மலைக்கு நேர்ந்துகொண்டாள்.

4 நவம்பர்

மாட்டின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். கோடு நேராக வந்தது.

1 டிசம்பர், வெள்ளி

பாஸ்ராவிலிருந்து கடிதம். கப்பலில் ஒரு மாதம் வந்திருக்கிறது.

"மாடு 17 உயிருடன் உள்ளது. ஓட்டி இல்லாததால் தீவனம் எடுக்க மறுத்து மெலிகிறது. பழக்கமுள்ள ஓட்டி ஒருவனை உடனே அனுப்பவும்."

இரண்டு முறை படித்தேன். மாட்டுக் கட்டத்தில் நான் எழுதிவைத்ததால்தான் கருப்புசாமி செத்ததற்குத் தந்தி வந்திருக்கிறது. இல்லாவிட்டால் அதுவும் கிடையாது.

கணபதிராமன் கடிதத்தைத் திருப்பித் தந்தார். "மாட்டு பேரை மறுபடி எழுதும் ஓய்" என்றார். எழுதினேன்.

சாமியாத்தாள் வாசலில் நிற்கிறாள். நேற்றுத்தான் மலைக்குப் போய்த் திரும்பினாளாம். எனக்கும் திருநீறு பொட்டலம் கொண்டுவந்திருக்கிறாள். இதை எழுதி முடித்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறேன் — பேடி.

"கருப்பன் இருக்கான்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். மீதியை நான் சொல்ல வேண்டியிருக்காது.