வலக்கைப் பக்கம்

வில்லியனூர், 18 ஜனவரி 1937, திங்கள்

இந்த நேரத்தில் விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? எனக்கு நானே எழுதுவதுதான் இது. ஆனாலும் வீடு தூங்கின பிறகு மண்ணெண்ணெயைச் செலவழிக்கிறோமே என்று ஒரு கூச்சம்.

பொங்கல் விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. வழக்கம்போல மூன்று பேரும் மோட்டார் சைக்கிளில் பாகூருக்குப் போனோம். அவருக்கு அங்கே மேரி என்கிற நகரசபை ஆபீசில் வேலை, எனக்குப் பெண்கள் பள்ளியில். அவர் ஓட்ட, வலப்பக்கம் மாட்டியிருக்கும் தொட்டியில் நான், என் மடியில் குழந்தை ஜெயா. சைகோனிலிருந்து திரும்பும்போது கப்பலில் கூடவே கொண்டுவந்த வண்டி. சைடுகாரை அவர் பிரெஞ்சுக்காரர் மாதிரி 'சீத்கார்' என்பார். ஊருக்கு அது தொட்டிவண்டி.

உறுவையாறு தாண்டி ஏரிக்கரைத் திருப்பத்தில் கடலூர் பஸ் வந்தது. வந்தது என்று எழுதுவதே தப்பு. திருப்பத்தில் ஒன்றுமில்லை; அப்புறம் அது இருந்தது. அதன் சக்கரம் என் முழங்கையை உரசாத குறையாகப் போயிற்று. சக்கரத்து நட்டுகளில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது வரைக்கும் பார்த்தேன். ஜெயாவின் கை தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எப்போது அதை உள்ளே இழுத்தேன் என்று தெரியவில்லை. இழுத்திருக்கிறேன். கை இருக்கிறது. இப்போதுகூட ஒரு தடவை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

அவர் திரும்பிப் பார்த்து, "பயந்துட்டியா?" என்று சிரித்தார்.

19 ஜனவரி

இன்று ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாளிலும் தோள்பட்டை இப்படி வலிக்கிறது.

21 ஜனவரி, வியாழன்

எதிரெதிரே வரும் இரண்டு வேகங்களையும் கூட்டவேண்டும் என்று கல்லூரியில் பௌதிகம் படித்தபோது பரீட்சைக்காகத் தெரிந்துகொண்டேன். இப்போது ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கூட்டிக்கொண்டே போகிறேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

எங்கள் சாலை ஒரே நேராகப் பிரெஞ்சு எல்லையில் போனால் பரவாயில்லை. கொஞ்ச தூரம் நம்முடையது, கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரனுடையது, திரும்ப நம்முடையது. கடலூர் பஸ்கள் இடது ஓரம் பிடித்து வந்து பழகியவை. எங்கே வந்தாலும் அப்படியே வரும். நம் எல்லையில் எந்தப் பக்கம் சட்டம் என்று பள்ளியில் கேட்டுப் பார்த்தேன். ஒரு டீச்சர் வலது என்றாள், இன்னொருத்தி இடது என்றாள். பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் ஜெயாவைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தையலம்மாள், "வண்டிக்காரனுக்கு நெழலு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. கரும்பு வண்டிகள் அப்படித்தான் வருகின்றன, ஓட்டுகிறவன் தூங்கிக்கொண்டு.

மாட்டுவண்டியில் போகலாம் என்றால் பாகூர் போய்ச் சேரும்போது பள்ளிக்கூடம் பாதி முடிந்திருக்கும். வேலையை விடலாம். விட்டுவிடலாமா? வேலைக்குப் போகட்டும் என்று தன் அண்ணன்மாரோடு எல்லாம் சண்டை போட்டவர் அவர். "படிச்ச பொண்ணைக் கட்டிக்கினு வந்து அடுப்பங்கரையில வைக்கவா?" என்று கேட்டவர். அவரிடம் போய், உங்கள் வண்டியில் ஏற எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

25 ஜனவரி, திங்கள்

சொல்லவே கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மாலையில் திரும்பும்போது கரிக்கலாம்பாக்கம் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். அந்த ஏரிக்கரை பஸ்ஸும் அங்கே நின்றிருந்தது. அதை ஓட்டுகிறவன் பேர் வீரப்பன். முன்னால் போகும் பஸ்ஸை முந்தி ஆள் ஏற்றுவதுதான் அவன் தொழில், அவனுடைய சந்தோஷமும் அதுதான். இவர் அவனிடம் போய், திருப்பத்தில் ஒதுங்கி வரக்கூடாதா என்று கொஞ்சம் அதட்டலாகக் கேட்டார். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"நான் என் ஓரத்துலதான் சார் வரேன். நீங்களும் உங்க ஓரத்துலதான் குந்திக்கினு வரீங்க. அம்மாவையும் கொயந்தையையும்தான் நடுரோட்டுல நீட்டிக்கினு வரீங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சைகோன்ல இப்படித்தான் மாட்டுவாங்க. வண்டியில தப்பில்ல," என்றார் இவர்.

"அப்ப சைகோன்லயே ஓட்டியிருக்கலாமே சார்."

இவர் டீயைக் குடிக்காமலே வண்டியைக் கிளப்பினார். அந்த ஒரு வார்த்தை, 'நீட்டிக்கினு', காதிலேயே நிற்கிறது.

26 ஜனவரி

உண்மைதானே. சைகோனில் வண்டிகள் எல்லாம் வலது ஓரமாகப் போகும். அங்கே வலப்பக்கத் தொட்டி வாய்க்கால் பக்கம் இருக்கும். இங்கே இடது ஓரமாகப் போகிறோம், அதே தொட்டி எதிரே வருகிறவன் பக்கம். அவர் புளியமரத்துப் பக்கம், நானும் ஜெயாவும் சக்கரத்துப் பக்கம். இத்தனை நாள் இது எனக்கே தோன்றவில்லையே. தோன்றிய பிறகு, அவர் இதை நினைத்துப் பார்த்திருப்பாரா, பார்த்தும் சும்மா இருக்கிறாரா என்று—

சீ. என்ன எழுத்து இது. அப்படிப்பட்டவர் இல்லை. அப்படிப்பட்டவர் இல்லை.

3 பிப்ரவரி, புதன்

உயிரோடு இருக்கிறோம். மூன்று பேரும்.

எங்களுக்கு முன்னால் கரும்பு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டி இடது ஓரத்துக்கு வந்துவிட்டோம். எதிரே பஸ். பாதை இருந்தது, தாராளமாக இருந்தது. ஆனால் பஸ்ஸைப் பார்த்த அந்தக் கணத்தில் அவர் கை வண்டியை வலப்பக்கம் இழுத்தது. பஸ்ஸை நோக்கி! உடனே திருப்பிவிட்டார். அதற்குள் தொட்டியின் சக்கரத்து மேல்தகடு பஸ்ஸின் பின்புறத்தில் மாட்டிக் கிழிந்துகொண்டு போயிற்று. என்ன சத்தம், ஐயோ. நான் ஜெயாவின் மேல் கவிழ்ந்து கிடந்தேன். அவள் மூச்சுவிடவில்லை என்று நினைத்தேன். என் பாரம் தாங்காமல் அழத்தான் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அழுதாள். அந்த அழுகையைப் போல ஒன்றை நான் கேட்டதில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

கைப்பிடி முறுக்கியதில் அவருக்கு இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

எதற்கு வலப்பக்கம் இழுத்தீர்கள் என்று கேட்டேன். "நான் எங்க இழுத்தேன்? அவன்தான் மேல வந்தான்," என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியவில்லை. சைகோனில் பயம் வந்தால் எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்குவார்களாம். கை அங்கே கற்றுக்கொண்டது.

5 பிப்ரவரி

ஜுரம் என்று பள்ளிக்குச் சொல்லி அனுப்பினேன். ஜுரம் எதுவும் இல்லை. படுத்தால் கட்டில் பக்கவாட்டில் ஓடுகிறது.

8 பிப்ரவரி, திங்கள்

மணிக்கட்டைக் காட்டப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. அவரால் கைப்பிடியைப் பிடிக்க முடியாது. கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் உதுமான் அண்ணன் ஓட்டினார். இவர் முதல் தடவையாகத் தொட்டியில் உட்கார்ந்து போனார்.

மத்தியானம் திரும்பினார்கள். உதுமான் அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"தங்கச்சி, உன் வூட்டுக்காரரு வில்லியனூர்லேர்ந்து புதுச்சேரி வரைக்கும் தலைய முட்டிக்குள்ள வச்சிக்கினே வந்தாரு. லாரி ஒண்ணு வந்துச்சு பாரு, அல்லாவைக் கூப்பிட்டாரு. நான் கூப்பிட வேண்டியத அவரு கூப்பிட்டாரு."

அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. மோர் கொடுத்தேன், குடித்தார். ஜெயாவை வாங்கி ஒரு கையால் வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

10 பிப்ரவரி

ஸ்பானரை வாங்கி வந்து, வலிக்கிற கையோடு, தொட்டியைத் தானே கழற்றிக் கிணற்றடியில் போட்டுவிட்டார். அவர் கையைப் பிடித்து எண்ணெய் தடவிவிட்டேன். அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது.

அவரைப் பற்றி அன்றைக்கு எழுதியதை அடித்துவிடலாம் என்று பக்கத்தைப் புரட்டினேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

15 பிப்ரவரி, திங்கள்

இனி நானும் ஜெயாவும் காலை முதல் பஸ்ஸில் போகிறோம். ஓட்டுகிறவர் கிழவர், கோழி குறுக்கே வந்தாலும் நின்று, அது போன பிறகுதான் நகர்வார். பின்னால் வருகிற வீரப்பன் ஹாரன் அடித்தே அவரைக் கொல்கிறான். பஸ்ஸில் இருக்கிறவர்கள், "ஓய், வூட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்" என்று கிழவரைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருக்கிறது.

இவர் கை ஆறிவிட்டது. தனியாக மோட்டார் சைக்கிளில் போகிறார்.

16 பிப்ரவரி

தனியாகப் போகிறார் என்று நேற்று எழுதினேன். அதை எழுதும்போது ஏன் பயப்படவில்லை? தொட்டிதான் ஆபத்து என்று நினைத்துவிட்டேனா? கழற்றியது தொட்டியை மட்டும்தானே.

22 பிப்ரவரி

அவர் வர நேரமானால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். தூரத்தில் அந்த டப்டப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே ஓடி வந்து, ஒன்றும் நடக்காதது போல அரிசி களைகிறேன். இன்று களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

1 மார்ச், திங்கள்

நான் பார்த்தேன்.

காலையில் ஜெயா வாந்தி எடுத்தாள். துடைத்து, துணி மாற்றிக் கிளம்புவதற்குள் கிழவர் பஸ் போய்விட்டது. வேறு வழியில்லாமல் வீரப்பன் பஸ்ஸில் ஏறினேன். பெண்பிள்ளை, கைக்குழந்தை என்று முன்சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் இடம் விட்டார்கள். முன்கண்ணாடி முழுக்கச் சாலை. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றிருந்தேன், மூட முடியவில்லை.

அவர் விடியலிலேயே பாகூருக்குப் போய்விட்டவர். ஏதோ காகிதத்தைக் கொடுத்துப் புதுச்சேரிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அப்போது எனக்கு அது தெரியாது.

ஏரிக்கரைத் திருப்பம். வீரப்பன் நடுரோட்டில்தான் திரும்பினான். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டுகிறவர் அவருடைய இடது ஓரத்தில், சரியாகத்தான் வந்துகொண்டிருந்தார். அவர்தான் என்று தெரிந்தது. வீரப்பன் தன் இடப்பக்கம் ஒடித்தான். அவர் தன் வலப்பக்கம் ஒடித்தார்.

இரண்டு பேரும் ஒதுங்கினார்கள். ஒரே பக்கம் ஒதுங்கினார்கள்.

அவர் முகம் நேராக என் பக்கம் வந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. குழந்தை முகம் மாதிரி இருந்தது. அப்புறம் காணோம். பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து, என் ஜன்னலுக்குக் கீழே, கரைச்சரிவில் இறங்கி வயலில்—

நிறுத்து, நிறுத்து என்று கத்தினேன். என் குரல் வரவில்லை போலிருக்கிறது. வீரப்பன் வேர்த்துக்கொட்டிக்கொண்டு, "சாவணும்னு வரான்மா, சாவணும்னே வரான்," என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். என் குரல் வந்து, அவன் நிறுத்தியபோது வெகுதூரம் வந்துவிட்டோம். இறங்கித் திரும்பி ஓடினேன், ஜெயாவோடு. திருப்பம் தெரிகிற இடத்துக்கு வந்தபோது, தூரத்தில் அவர் சேற்றோடு எழுந்து, இரண்டு ஆட்கள் உதவ, வண்டியை ரோட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். உதைத்துக் கிளப்பினார். போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை? நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். தையலம்மாள் சொன்ன நிழல் பக்கத்துக்குக்கூட நகரத் தோன்றவில்லை.

மாலையில் முட்டியெல்லாம் சிராய்ப்போடு வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். எருமை குறுக்கே வந்துவிட்டது என்றார்.

"கன்னோடவா?" என்று கேட்டேன்.

"ஆமா, கன்னோட," என்றார்.

மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டேன்.

2 மார்ச், செவ்வாய்

உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இத்தனை நாள் எனக்கு எழுதியது. இன்று நீங்கள் படிக்கவேண்டும் என்று எழுதுகிறேன். முதல் பக்கத்திலிருந்தே படியுங்கள். உங்களைப் பற்றித் தப்பாக எழுதிய இடமும் இருக்கிறது. அதையும் படியுங்கள்.

நேற்று ஏரிக்கரையில் வந்த பஸ்ஸில் நானும் ஜெயாவும் இருந்தோம். முன்சீட்டில். எருமை இல்லை.

எனக்குக் கோபம் இல்லை. நான் பயந்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னீர்கள். கன்றையும் சேர்த்துச் சொன்னீர்களே, அப்போது எனக்கு அழுகை வந்தது. மஞ்சள் அரைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நீங்கள் மோசமாக ஓட்டுகிறீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. நிதானமாக இருக்கும்போது உங்கள் கை இந்த ஊர்க் கை. பயந்தால் சைகோன் கையாகிவிடுகிறது. அதை நீங்கள் பார்க்க முடியாது. நான் பார்த்துவிட்டேன், இரண்டு தடவை. மூன்றாவது தடவை பார்க்க என்னால் முடியாது.

வண்டியை விற்றுவிட்டு எங்களோடு கிழவர் பஸ்ஸில் வாருங்கள். கேலி செய்வார்கள், செய்யட்டும், நான் பக்கத்தில் இருப்பேன். அது உங்களுக்குப் பெரிய கஷ்டம் என்றால் நான் வேலையை விடுகிறேன், பாகூரிலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம், நீங்கள் ஆபீசுக்கு நடந்தே போகலாம். வேறு ஏதாவது உங்களுக்குத் தோன்றினால் அதுவும் சரி. எது என்று நீங்கள் சொல்லுங்கள். நேரில் கேட்டால் சிரித்துவிடுவீர்கள், நானும் சும்மா இருந்துவிடுவேன். அதனால்தான் இப்படி.

உங்கள் சட்டைக்கு மேலேயே இதைத் திறந்து வைக்கிறேன். காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், இதற்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.