சம்சாரத்தின் ரத்தம்

12-3-1997, புதன். மத்திகிரி.

தளி ரோட்டில் எரிந்துபோன பெயிண்ட் குடோனில் கிடந்த உடம்பு என் வீட்டுக்காரருடையதா என்று பார்க்க, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அடையாளம் சொல்ல முகமே இல்லை. ரத்தம் கொடுக்கிறேன் என்றேன். டாக்டர் வேண்டாமென்று தலையசைத்தார்.

“சம்சாரத்தோட ரத்தத்துல ஒண்ணும் தெரியாதும்மா. பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?”

“பிள்ளை இல்லைங்க. அவருக்கு ஒரே அக்கா, எங்கம்மா. அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க.”

நிமிர்ந்து பார்த்தார். “அவர் உனக்குத் தாய்மாமனா? அப்ப கையை நீட்டும்மா. கொஞ்சமாவது தெரியும்.”

கல்யாணம் பேசினபோது, “ஒரே ரத்தம், வேண்டாம்மா” என்று அழுதவள் நான். பிள்ளை பிறக்காததற்கும் அதையேதான் மாமாவிடம் சொல்லிக் காட்டுவேன். போன வாரமும் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினவர் திரும்பவில்லை. அன்று ராத்திரிதான் குடோன் எரிந்தது.

என் ரத்தம் அந்த உடம்போடு பொருந்துகிறதா என்று ஐதராபாத் லேபிலிருந்து பதில் வர மாசக்கணக்கில் ஆகுமாம்.

பொருந்தக் கூடாது. பெங்களூர்ப் பக்கம் எவளையாவது கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டியோடு இருந்துவிட்டுப் போகட்டும்.