உங்கள் கையில் நான் கொடுத்த சுத்தியல்

நர்சம்மா,

இன்று காலை மைக் பெட்டியைத் திறந்தேன். அடியில் கிடந்த பழைய மைக்கின் தலையிலிருந்து ஸ்பாஞ்சைக் கழற்றி உதறும்போது நீலகிரித் தைல வாசனை வந்தது. உங்கள் கைக்குட்டை வாசனை. சளி பிடிக்காத நாளிலும் நாலு சொட்டு விட்டு வைத்திருப்பீர்களே, அதுதான். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டதே இல்லை. கைக்குட்டையோடு சேர்த்துப் பிடித்து, மைக்கைக் கடித்துத் தின்கிற மாதிரிதான் பேசுவீர்கள். வாசனை வந்ததும் பெட்டியை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, ஸ்பாஞ்சை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, உங்களுக்குத் தெரியும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. இப்போது போனிடம் பேசினால் அதுவே எழுதிவிடுகிறது, அதை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் போனிடம் பேசி நான் எழுதின ரெண்டு வரிதான் உங்களைக் கூண்டில் ஏற்றியது. அதனால் இதை மட்டும் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் முறைக்காமல் படியுங்கள்.

திண்டிவனத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் என் மைக் செட் போயிருக்கிறது. ஆளைவிட ஸ்பீக்கர் அதிகமாக இருந்த கூட்டம் உங்களுடையது ஒன்றுதான். ஒலக்கூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்து ரிட்டயர் ஆன நீங்கள். கெடாரிலிருந்து வேர்க்கடலையை, நம்ம ஊர் மல்லாட்டையை, அவித்து மஞ்சப்பையில் கொண்டுவருகிற விவசாயி ஐயா. படகை மகன் கையில் ஒப்படைத்துவிட்ட பொம்மையார்பாளையத்து மீனவர் அண்ணன். மூன்று பேர் வயதையும் கூட்டினால் இருநூற்றுப் பதினைந்து, நானே கணக்குப் போட்டு மைக்கில் சொல்லியிருக்கிறேன். வருஷா வருஷம் ஹிரோஷிமா நாளில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நின்று, அணுகுண்டும் வேண்டாம், அணு உலையும் வேண்டாம் என்பீர்கள். முன்னால் நின்று கேட்பது இளநீர் வண்டிக்காரரும் நானும்.

“மூணு பேருக்கு நாலு ஸ்பீக்கர் எதுக்கு நர்சம்மா? பக்கத்துல நின்னுக்கினு காதுல சொல்லிக்கினா போதாதா?” என்று கேட்டேன் ஒரு தடவை.

“கேக்க வேண்டியவன் தூரத்துல கீறான்டா. நீ சத்தத்தக் கூட்டு.”

அணு உலையை மூடிவிட்டால் என் ஆம்ப்ளிஃபயருக்கு உங்கள் தாத்தாவா கரண்ட் கொடுப்பார் என்றும் கேட்டிருக்கிறேன். கெடார் ஐயாவுக்குச் சிரிப்பு தாங்காமல் மல்லாட்டை புரையேறிவிட்டது. நீங்களும் சிரித்தீர்கள். சிரித்து முடித்துவிட்டு, கரண்ட் வேண்டாம் என்று யார் சொன்னது, அதை எடுத்த பிறகு மிச்சமாகிற குப்பை ஆயிரம் வருஷமானாலும் அடங்காதே, நான் கையில் வாங்கின பிள்ளைகள் தலையில் அதை இறக்கி வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போகவா என்றீர்கள். வயரைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். பதில் இல்லாத இடத்திலெல்லாம் எனக்கு வயர்தான் கைகொடுக்கும்.

கடலோரத்து அணு உலைக்குப் பக்கத்தில் இன்னும் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட வருஷம், விழுப்புரத்தில் ஒரு பெரிய ஆபீஸ் கேட்டுக்கு முன்னால் உட்காரப் போகிறோம் என்றீர்கள். பர்மிஷன் கேட்டீர்கள், கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் உட்காருவோம், பிடித்தால் போவோம், கையைக்கூட ஓங்க மாட்டோம் என்று என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். நானும் செட்டை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அங்கே ஹார்ன் ஸ்பீக்கர் கட்ட ஏணியில் ஏறினேன். ஆணி அடித்து முடித்ததும் சுத்தியலைக் கீழே நீட்டி, “கொஞ்சம் புடிங்க நர்சம்மா” என்றேன். பிடித்தீர்கள். வெள்ளைச் சேலை, வெள்ளைத் தலை, கையில் சிவப்பு டேப் சுற்றின என் சுத்தியல், பின்னால் பூட்டின கேட். மேலிருந்து பார்க்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்து ஒரு படம். இறங்கி வந்து போனிடம் சொன்னேன், அது எழுதிக்கொண்டது: ‘எங்க நர்சம்மா கையில சுத்தி. இன்னிக்கு கேட்டு காலி, நாளைக்கு அணு உலை காலி.’ மைக் செட்காரர்கள் குரூப்பில் போட்டேன். பத்துப் பேர் சிரித்தார்கள். எனக்கு அது போதும், எப்போதும் அது போதும்.

போலீஸ் வந்து உங்கள் மூவரையும் வேனில் ஏற்றியது. என்னை மட்டும் வயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பச் சொன்னார்கள். அவசரத்தில் சுத்தியலை உங்கள் பக்கத்திலேயே விட்டுவிட்டேன். உங்களைக் கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். வழக்கமாக மத்தியானம் சோறு போட்டு, சாயங்காலம் பேர் எழுதி விட்டுவிடுவார்கள். அன்று சாயங்காலத்துக்குள் என் படம் எங்கெங்கோ போய், அவர்கள் போனுக்கும் வந்து சேர்ந்திருந்தது. படத்தில் இருந்த சுத்தியல் கேட் பக்கத்திலேயே கிடந்தது. உட்கார்ந்த கேஸ், உடைக்க வந்த கேஸாக மாறிவிட்டது. பன்னிரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தீர்கள். வழக்கு நிரூபணமானால் வருஷக் கணக்கில் போக வேண்டும் என்றார் உங்கள் வக்கீலம்மா.

சேதி தெரிந்த அன்றே நான் படத்தை அழித்துவிட்டேன். முதலில் அதைத்தான் செய்தேன், உங்களைப் பார்க்க வரவில்லை.

மைக் கட்டினவன் என்பதால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அது என் சுத்தியல், அது என் விளையாட்டு என்று. வக்கீலம்மா அதைத்தான் எதிர்பார்த்து, பொறுமையாகக் கேட்டார். படம் யார் எடுத்தது? எனக்கு வேறு குரூப்பிலிருந்து வந்தது என்றேன். எழுதினது யார்? தெரியாது என்றேன். சுத்தியலைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு டேப் நான் சுற்றினபடியே இருந்தது.

“என்னுது இல்லீங்க.”

ஒவ்வொரு திருவிழாவுக்கும் போலீஸ் பர்மிஷன் வாங்கிப் பிழைக்கிறவன், பயம் இருக்காதா என்று எனக்கு நானே பல நாள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயம்தான். ஆனால் எழுபத்து நாலு வயதில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள், முட்டி வலிக்குக் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. நான் உங்களைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த உங்கள் கையைத்தான் பார்த்தேன்.

கோர்ட்டிலிருந்து திரும்பும்போது உங்கள் கண்ணில் படாமல் பஸ்ஸில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கெடார் ஐயா கொடுத்த மல்லாட்டையில் ஒரு பிடி என் கையில் வைத்தீர்கள். திண்டிவனம் வருகிற வரைக்கும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் சொல்லி ஒப்பேற்றியிருப்பேன். இறங்கும்போதுதான் சொன்னீர்கள்:

“மைக் இல்லாத எடத்துல ஒனக்குச் சத்தமே வரலியேடா.”

கேலி மாதிரிதான் சொன்னீர்கள். ஊரையே கேலி செய்கிறவனுக்கு ஒரு கேலி இவ்வளவு நாள் வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

தீர்ப்பு வருவதற்கு முன்னால், மழைக்காலத்தில், நெஞ்சுச் சளி முற்றி, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். சாவுக்கு என் செட்தான். நீங்கள் பிரசவம் பார்த்த பெண்கள், அவர்கள் பெற்றதுகள் என்று அத்தனை பேர் வந்திருந்தார்கள், அன்றுதான் உங்களுக்கு நாலு ஸ்பீக்கர் பத்தவில்லை. பேசினவர்களுக்கெல்லாம் மைக்கை நான்தான் நீட்டினேன். நீயும் ரெண்டு வார்த்தை சொல்லப்பா என்று யாரோ சொன்னபோது குனிந்து வயரைப் பார்த்தேன்.

கெடார் ஐயா அன்று என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் ஒன்று சொன்னார். நான் சாட்சி சொன்னதற்கு அடுத்த வாய்தாவில் ஜட்ஜ் உங்களிடமே கேட்டாராம், அந்தச் சுத்தியல் யாருடையது என்று. நீங்கள் சொன்னது: “எங்களுது இல்லீங்க ஐயா. யாருதுன்னு தெரியும், சொல்ல மாட்டேன். சொன்னா அந்த ஆளும் இங்க வந்து நிக்கணும்.”

என்னைக் காப்பாற்றினதற்கு நன்றி என்று எழுத வரவில்லை, நர்சம்மா. கை கூசுகிறது. நான் பொய் சொன்னதைக்கூட ஒரு மாதிரி முழுங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் நீங்கள் வந்து குடை பிடித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

நீங்கள் போனதால் உங்கள் மேலிருந்த வழக்கு முடிந்துபோனது. ஐயாவுக்கும் அண்ணனுக்கும் முடியவில்லை. இன்னும் வாய்தாவுக்கு பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு ஒரு கண் தெரியவில்லை, ஐயா கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறார். போன வாரம் வக்கீலம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்னைத் திரும்பக் கூண்டில் ஏற்ற மனு போடலாமாம். ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதற்கு என் மேலேயே கேஸ் வரலாமாம். உள்ளே போனால் ஐயா பக்கத்தில் பாய் போடுவார்களா, மல்லாட்டை உள்ளே விடுவார்களா என்று கேட்டேன். அந்தம்மா சிரிக்கவில்லை. எனக்கும் முழுசாக வரவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை எடுக்கிறார்கள்.

இன்று ஒரு காதுகுத்து வேலை. பந்தலில் காலி நாற்காலிகள்தான். மைக் டெஸ்டிங் சொல்ல வாயைத் திறந்தவன், வேறொன்று சொன்னேன்: “அது என் சுத்தி. அந்தம்மா கையில நான்தான் கொடுத்தேன். எழுதினதும் நான்தான்.” நாலு ஸ்பீக்கரிலும் தெளிவாகக் கேட்டது. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த சமையல்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

விழுப்புரம் கோர்ட்டில் அந்தக் கூண்டில் மைக் கிடையாது. ஸ்பாஞ்சை மட்டும் பையில் எடுத்துக்கொண்டு வருகிறேன்.