வீட்டில் பங்குண்டு, நிலத்தில் இல்லை

பூவிருந்தவல்லி,
விஷு வருஷம் (1941) ஆவணி 14.

ரங்கூனில் இருக்கும் சிரஞ்சீவி பரந்தாமனுக்கு உன் நைனா உலகநாதன் எழுதிக்கொண்டது. உனக்குச் சகல நன்மையும் உண்டாகட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், உன் சுகத்துக்கு நாலு வரி வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்குகிறது. மழைக்காற்று பட்டதும் அவளுக்கு முழங்கால் வலி திரும்பிவிட்டது, ராவுத்தர் கடைத் தைலம்தான் தேய்க்கிறாள். உன் கடிதம் இருபத்தெட்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. தங்கச்சி நாகவல்லியின் கேஸ் என்னவாயிற்று என்று அதில் கேட்டிருந்தாய். எழுதக் கை வராமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். தோற்றுவிட்டோம் அப்பா.

நீ கப்பலேறிய பிறகு நடந்தது என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். நாகவல்லியின் புருஷன் துலுக்கானம் ஜுரத்தில் போனபோது பாரிவாக்கம் ஏரிப் பாசனத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக நாலு காணி நிலம் இருந்தது உனக்குத் தெரியும். பிள்ளையில்லாத விதவைக்குச் சோறும் புடவையும்தான் என்பது பழைய வழக்கம். அதை மாற்றி, புருஷன் பங்கு அவளுக்கும் உண்டு என்று டெல்லி சட்டசபை முப்பத்தேழாம் வருஷம் சட்டம் போட்டது. வக்கீல் குமாஸ்தாவான நான் அதை ஆபீசில் என் கையாலேயே நகல் எடுத்தவன். அந்தத் தைரியத்தில் நான்தான் அவளைக் கிளப்பினேன். “இன்னாத்துக்கு நைனா வம்பு, அந்த ஊட்லயே ஒரு மூலையில கெடந்துட்டுப் போறேன்” என்றுதான் அவள் சொன்னாள். சட்டமே கொடுக்கும்போது நீ ஏன் மூலையில் கிடக்க வேண்டும் என்று கேட்டு, வக்காலத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னவன் நான். இதை நீ மறக்காமல் மனசில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தோம். போன வருஷம் ஆடியில் கோர்ட் அமீனா அளவுச் சங்கிலியோடு வந்து இரண்டு காணியை அளந்து கல் நட்டுக் கொடுத்தார். அவளே ஆள் வைத்து ஓட்டி, சம்பா நட்டு, தை கடைசியில் அறுத்தாள். புருஷன் போன பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அந்தக் களத்துமேட்டில்தான். அவள் மைத்துனன் கோதண்டம் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் அப்பீல் போட்டிருந்தான், அது தள்ளுபடியாகிவிடும் என்று எங்கள் வக்கீலும் தெம்பாக இருந்தார். சித்திரையில் டெல்லி பெடரல் கோர்ட் ஓர் அபிப்பிராயம் சொல்லிவிட்டது. விவசாய நிலம் யாருக்குப் போகவேண்டும் என்பது அந்தந்த மாகாணச் சட்டசபையின் அதிகாரம், டெல்லி சட்டசபை அதைத் தொட முடியாது, ஆகவே அந்தச் சட்டம் வீடு வாசலுக்குச் செல்லும், விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று. ஆனியில் செங்கல்பட்டில் தீர்ப்பு. வீட்டில் பாதி அவளுக்கு, நிலம் கோதண்டத்துக்கு. ஜட்ஜ் நல்ல மனுஷர், பரிதாபமாக இருக்கிறது, ஆனால் அதிகாரம் இல்லாத இடத்தில் போட்ட சட்டத்தை நான் எப்படிச் செல்லும் என்பேன் என்று வாய்விட்டே சொன்னார். அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. டெல்லியில் சட்டம் போட்டவர்களும் நல்லது நினைத்துத்தான் போட்டார்கள். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் என்னைக் கேட்டாள். “அப்ப நம்ம மெட்ராஸ் சபையில போட்டா செல்லுமா நைனா?” செல்லும் அம்மா என்றேன். “போடச் சொல்லி ஒரு மனு எழுதேன்.” மந்திரிகள் ராஜினாமா செய்து இரண்டு வருஷமாகப் போகிறது, சபையே கூடுவதில்லை, கவர்னர்தான் எல்லாம் பார்க்கிறார் என்றேன். “எப்ப தொறப்பாங்க?” என்றாள். வீடு வந்ததும் கவர்னருக்கு ஒரு மனு எழுதிப் போட்டேன், வந்து சேர்ந்தது என்று ஒரு கார்டு வந்தது, அவ்வளவுதான். ஒருவேளை தோற்றால் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகலாம் என்று நீ எழுதியிருக்கிறாய். யுத்த காலத்தில் சீமைக்குப் போய் வழக்காட நாம் யார், போனாலும் வேறு பதில் வரும் என்று எங்கள் வக்கீல் சொல்லவில்லை.

மறுவாரமே கோதண்டம் கல்லைப் பிடுங்கினான். அவனும் என்னிடம் வந்து, “மாமா, நான் அவள தொரத்தல. ஊட்ல பாதி கோர்ட்டே குடுத்துகீது, இருக்கட்டும். நெலம் சட்டப்படி என்னுது” என்று கை கட்டிக்கொண்டுதான் சொன்னான். நம் வீட்டுக்கு வந்துவிடு என்று அம்மா அழுது பார்த்தாள். நாகவல்லி வரவில்லை. மேற்குப் பக்கத்து அறையில் தனியாக அடுப்பு வைத்துக்கொண்டிருக்கிறாள், அவன் சோற்றையும் தொடுவதில்லை. போன வெள்ளிக்கிழமை எங்கள் வக்கீலின் கட்சிக்காரர் ஒருவரைப் பார்க்க ஆவடிக்கு ஜட்காவில் போனேன். பாரிவாக்கம் தாண்டும்போது அந்த இரண்டு காணியில் நடவு நடந்துகொண்டிருந்தது. நட்டுக்கொண்டிருந்த பெண்களில் நம் நாகவல்லியும் ஒருத்தி. கோதண்டத்துக்குக் கூலிக்கு நடுகிறாள் அப்பா. என்னைப் பார்த்தாள், நிமிர்ந்தாள், கையில் இருந்த நாற்றோடு மறுபடி குனிந்துகொண்டாள். வண்டியை நிறுத்தச் சொல்லாமலே ஆவடிக்குப் போய்விட்டேன். உன் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே.

அங்கே கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடி. மலேயா பக்கம் பட்டாளம் இறங்குகிறது என்கிறார்கள், நிலைமை சரியில்லை என்று பட்டால் உத்தியோகத்தைப் பார்க்காமல் கப்பலேறிவிடு. அம்மாவும் நானும் தினம் உன்னை நினைத்து விளக்கேற்றுகிறோம், கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். தங்கச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அதில் சட்டம், கோர்ட் எதுவும் வேண்டாம், அந்த ஊர் விசேஷம் ஏதாவது எழுது. விலாசத்தில் கோதண்டம் மூலம் என்று போட்டுவிடாதே. நாகவல்லி, சொந்த வீடு, பாரிவாக்கம் என்றே போடு.

இப்படிக்கு,
உன் நைனா
உலகநாதன்