வொசோத்ரோஸ்

மாட்ரிட்,
பிப்ரவரி 9

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எலினாவின் ஸ்தோத்திரம். அப்பா, முழங்கால் வலி தேவலையா? மம்சாபுரத்தில் வெயில் ஏறிவிட்டதா? போனில், "ஏட்டி, குரல் ஏன் அடச்சிருக்கு?" என்று கேட்டீர்கள். வெறும் குளிர்தான்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்பானிஷில் பழகின பல பேரைச் சேர்த்துச் சொல்ல 'வொசோத்ரோஸ்' என்று ஒரு சொல் உண்டு; பெண்கள் மட்டும் என்றால் 'வொசோத்ராஸ்'. நம் 'நீங்கள்' மாதிரி மரியாதைக்கும் ஆகும் என்று நினைத்து, வீட்டுக்கார அம்மாவிடம், "வொசோத்ரோஸ் உட்காருங்கள்" என்றேன். அவர் திரும்பிப் பின்னால் பார்த்துவிட்டு, "நான் ஒருத்திதானே நிக்கேன், வேற யாரு?" என்றார். ஒருவருக்கு மரியாதை என்றால் 'உஸ்தெத்' என்று சொல்ல வேண்டுமாம். அறைத்தோழி ரொசாரியோ விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய பெரு நாட்டுப் பேச்சில் வொசோத்ரோஸே கிடையாது. பல பேர் என்றால், பழகினவர்களோ புதியவர்களோ, எல்லாருக்கும் 'உஸ்தெதெஸ்'தான்.

அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, போன வாரம் போய்விட்டாள். கவலைப்படாதீர்கள், அறை இப்போது தாராளமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போன் பண்ணும்போது ஸ்பீக்கரில் போடுங்கள். தம்பி பெனினும் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, தட்டுச் சத்தம் கேட்டால் போதும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்கார அம்மா இன்னும் எங்கள் இரண்டு பேரையும் கேட்ட பழைய பழக்கத்தில் கதவைத் தட்டி, "வொசோத்ராஸ் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார். நான் திருத்துவதில்லை. "சாப்பிட்டோம்" என்கிறேன்.

உங்கள் மகள்,
எலினா